திரியாத பாலில் அமிலம் ஏது?

காய்ச்சாத பாலில் பஞ்சை நனைத்து முகத்தில் ஒற்றி, இருபது நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் முகம் பளிச்சென்று ஆகும் என்று பத்திரிகை அழகுக் குறிப்புகளிலிருந்து பார்லர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: பாலில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, அது இறந்த செல்களைக் கரைத்து நீக்கிவிடும். கேட்க அறிவியலாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் தயிர் உறைய வைக்கிற எவருக்கும் இதில் ஓர் இடறல் தட்டுப்பட வேண்டும். அமிலம் சேர்ந்தால் பால் திரியும். உரை ஊற்றிய பால் இறுகுவதும், கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் பனீர் பிரிவதும் அமிலத்தின் வேலைதான். அப்படியிருக்க, துளியும் திரியாமல் கிண்ணத்தில் நிற்கும் பாலுக்குள் தோலை உரிக்கும் அளவுக்கு அமிலம் எங்கே ஒளிந்திருக்கும்?

பால் ஏன் திரிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். மீதியில் லாக்டோஸ் என்ற சர்க்கரை 5 சதவீதத்தை ஒட்டியும், புரதம் மூன்றேகால் சதவீத அளவிலும், கொழுப்பு நான்கு சதவீத அளவிலும் இருக்கும். புரதத்தில் பெரும்பகுதி கேசின். ஆயிரக்கணக்கான கேசின் மூலக்கூறுகள் கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து மிக நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு பாலில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் எதிர்மின் சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். அமிலம் சேரச் சேர அந்தச் சுமை குறைகிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை; அதிலிருந்து ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நல்ல பாலின் பி.எச். 6.7 அளவில் இருக்கும். அது 4.6-ஐத் தொடும்போது கேசினின் மின்சுமை சமனாகிவிடுவதால், தள்ள ஒன்றுமில்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் தயிர். லேசாகப் புளித்த பால், இந்த எண்ணுக்கு வெகுதூரம் முன்னாலேயே, அடுப்பில் ஏற்றியதும் திரிந்துவிடும். பால் சேகரிப்பு நிலையங்களில் கொஞ்சம் பாலைச் சோதனைக்குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். குழாயின் சுவரில் சிறு துகள் ஒட்டினால்கூட அந்த கேன் திரும்பிவிடும்.

ஆக, பால் பாலாகவே இருக்கிறது என்பதே அதில் லாக்டிக் அமிலம் இல்லை, இருந்தாலும் பொருட்படுத்தும் அளவில் இல்லை என்பதற்குச் சான்று. பாலில் இருப்பது லாக்டோஸ். அதை லாக்டிக் அமிலமாக மாற்றுவது பாக்டீரியா. நம் ஊர் வெயிலிலேயே உரை ஊற்றிய பாலில் அந்த வேலை முடிய நாலைந்து மணி நேரம் பிடிக்கிறது. முகத்தில் இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. இந்த நம்பிக்கைக்குப் பால் ஆய்வகங்களின் ஒரு வழக்கமும் துணைபோயிருக்கும் என்று நினைக்கிறேன். பாலின் அமிலத்தன்மையை அங்கே ‘0.14 சதவீதம், லாக்டிக் அமிலமாக’ என்று எழுதுவார்கள். புதுப்பாலில் அந்த எண்ணுக்குக் காரணம் கேசினும் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும். லாக்டிக் அமிலம் என்பது கணக்குக்கு எடுத்துக்கொண்ட அலகு மட்டுமே. அலகைப் பொருளாகவே படித்துவிட்டால் பாலுக்குள் இல்லாத அமிலம் வந்துவிடும்.

லாக்டிக் அமிலத்துக்குத் தோல் மருத்துவத்தில் இருக்கும் பெயர் பொய்யல்ல. 1780-இல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இதைப் பிரித்தெடுத்தார். நல்ல பாலிலிருந்து அல்ல, புளித்த பாலிலிருந்து. 1974-இல் அமெரிக்காவில் யூஜின் வான் ஸ்காட், ருயி யூ என்ற இருவர், மீன் செதில்போல் தோல் தடித்து உரியும் இக்தியோசிஸ் நோயாளிகளுக்கு இந்த வகை அமிலங்களைத் தடவி நல்ல பலன் கண்டதை வெளியிட்டனர். அங்கிருந்துதான் அழகு கிரீம்களுக்குள் இது நுழைந்தது. ஆனால் எந்த அளவில்? மருத்துவர் எழுதித் தரும் லோஷனில் 12 சதவீதம் வரை இருக்கும். அமெரிக்காவின் அழகுசாதனப் பொருள் மறுஆய்வுக் குழு 1998-இல், மக்கள் வீட்டில் பயன்படுத்துபவற்றில் இவ்வகை அமிலம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது, வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் வழியும் சொல்லப்பட வேண்டும் என்றது. பாலின் 6.7-க்கும் அந்த 3.5-க்கும் நடுவே அமிலத்தன்மையில் இருக்கும் வித்தியாசம் 1500 மடங்குக்கும் மேல்.

சரி, பாலை விடுங்கள், தயிர்? தயிரில் லாக்டிக் அமிலம் உண்மையாகவே இருக்கிறது, சுமார் ஒரு சதவீதம். பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் லாக்டிக் அமிலம் நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து மின்சுமை பெற்ற லாக்டேட் ஒன்று. விட்டுக்கொடுக்காத முழு அமிலம் இன்னொன்று. தோலின் கொழுப்பு அடுக்குகளைத் தாண்டி எளிதாக உள்ளே போவது இரண்டாவது. எந்த வடிவம் எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது: 3.5-இல் பத்தில் ஏழு பங்கு முழு அமிலம்; தயிரின் 4.5-இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், 10 சதவீத கிரீமில் வேலை செய்யக்கூடிய அமிலம் 7 சதவீதம், தயிரில் 0.2 சதவீதம். முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். தயிர் முற்றிலும் சும்மா என்று சொல்ல மாட்டேன். தோலின் மேற்பரப்பும் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டதுதான் என்பதால், காரத்தன்மையுள்ள சோப்பைவிடத் தயிர் அதற்கு ஒத்துப்போகும். அவ்வளவுதான்; செல்களை உரித்தெடுக்கும் வலு அதற்கு இல்லை.

அமிலம் போகட்டும், பாலின் புரதமும் வைட்டமினும் தோலுக்கு ஊட்டம் தருமே என்பது அடுத்த வாதம். இதற்கு விடை பாலில் இல்லை, தோலின் அமைப்பில் இருக்கிறது. தோலின் மேல்மட்டத்தில் இருப்பது கொம்புப்படலம். நகமும் மாட்டுக்கொம்பும் எந்தக் கெராட்டினால் ஆனவையோ அதே கெராட்டின் நிரம்பிய, உயிரற்ற தட்டைச் செல்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்த படலம் அது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆய்வாளர்கள் இதைச் செங்கல் சுவர் என்பார்கள்: செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் சாந்து. உள்ளே நுழைய விரும்பும் எதுவும் பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியே வளைந்து நெளிந்துதான் போக வேண்டும். பெரிய மூலக்கூறுகளுக்கு அது முடியாது. 2000-ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கை முன்வைத்தனர். தொட்டால் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள், தோலில் தடவிப் பலன் தரும் மருந்துகள் ஆகியவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாம் 500 டால்டன் எடைக்கு உட்பட்டவை. டால்டன் என்பது மூலக்கூறின் எடைக்கான அலகு. ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ ஒரு டால்டன். லாக்டிக் அமிலம் 90 டால்டன், அது போகும். கேசின் இருபதாயிரத்தை ஒட்டியது. அதுவும் தனியாக இல்லை, ஆயிரக்கணக்கில் உருண்டையாகத் திரண்டிருக்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வழிகள் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானவை. முன்கையில் ஒரு பொருளைத் தடவி, சிறிது நேரம் கழித்து ஒட்டுநாடாவை ஒட்டி உரிப்பார்கள். ஒவ்வொரு நாடாவிலும் கொம்புப்படலத்தின் மெல்லிய ஏடு ஒன்று வரும். ஒரே இடத்தில் இருபது முப்பது முறை இப்படி உரித்து, எத்தனையாவது நாடா வரை அந்தப் பொருள் தென்படுகிறது என்று பார்த்தால் எவ்வளவு ஆழம் போனது என்பது தெரிந்துவிடும். இன்னொரு வழி, அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட தோல் துண்டை இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே பொருத்தி, மேல் அறையில் ஊற்றியது கீழ் அறைக்கு எவ்வளவு கசிகிறது என்று மணிக்கணக்கில் அளப்பது. வைட்டமின் ஏ சிறியதுதான், போகக்கூடியது; ஆனால் ஒரு மில்லி பாலில் அது ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. அதே வைட்டமின் ஏ, ரெட்டினால் என்ற பெயரில் 0.3 சதவீதம் சேர்ந்த கிரீமின் ஒரு கிராமில் 3000 மைக்ரோகிராம். ஊட்டம் வேண்டுமென்றால் அந்தப் பாலைக் குடிப்பதே சரி.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி நியாயமாக நிற்கிறது: பால் தடவினால் முகம் மென்மையாகவும் பொலிவாகவும் தெரிவது கண்கூடு ஆயிற்றே? ஆமாம், தெரிகிறது. அதை மறுப்பது முட்டாள்தனம். காரணம்தான் வேறு. பாலின் 87 சதவீதம் எது என்பதை மறந்துவிடுகிறோம். 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாதத்தின் காய்ப்பிலிருந்து வெட்டிய தோல் துண்டுகளைக் காயவைத்தார். அவை விறைத்து ஒடிந்தன. எண்ணெயில் ஊறவைத்தும் இளகவில்லை. தண்ணீர் ஏறியதும் வளைந்து கொடுத்தன. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெயின் பங்கு அந்த நீர் ஆவியாகாமல் மூடி வைப்பது. பால் இரண்டையும் கொண்டு வருகிறது. எண்ணெய்த் துளிகள் நீரில் கலந்து நிற்கும் கலவைக்குப் பால்மம் என்று பெயர். கடையில் விற்கும் மாய்ஸ்சரைசர் லோஷனும் பெரும்பாலும் ஒரு பால்மம்தான். இந்த வகையில் பால் ஒரு நீர்த்துப்போன லோஷன். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் என்பதால் மூடும் திறன் குறைவு. காய்ச்சி ஆறிய பாலின் ஏடு இதில் எவ்வளவோ மேல். கொழுப்பெல்லாம் அங்கேதான் திரண்டிருக்கிறது. பழைய வீடுகளில் குளிர்காலத்தில் வெடித்த உதட்டுக்குப் பாலேடு தடவியவர்கள் சரியான பொருளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பளபளப்புக்கு ஒளியும் ஒரு காரணம். வறண்ட முழங்காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். தோலின் நிறம் அங்கே மாறவில்லை. செதில்கள் நிமிர்ந்து, அவற்றுக்கிடையே காற்றுப் புகுந்து, ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அந்தக் கோட்டின் மேல் ஒரு துளி பால் தடவினால் மறைந்துவிடும். தண்ணீர் தடவினாலும் மறையும். தேங்காய் எண்ணெயில் மறைந்தால் நெடுநேரம் மறைந்தே இருக்கும். இடைவெளிகள் நிரம்பிப் பரப்பு சமமானதும் ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது, முகம் தெளிகிறது. பால் காயும்போது தோல் இறுகுவதும் இளமை திரும்புவதல்ல. கேசின் காய்ந்து படலமாகிறது. மரத்தை ஒட்டும் பசைக்கும் ஓவியச் சாயத்துக்கும் பயன்பட்டு வந்த அதே கேசின். இனி, ‘நிறம் கூடும்’ என்ற பேச்சு. நிறத்தைத் தரும் மெலனின் கொம்புப்படலத்துக்கும் கீழே, மேல்தோலின் அடிவரிசையில் உற்பத்தியாகி, செல்களோடு மேலேறி உதிர நான்கு வாரங்களாவது ஆகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பூசிய பால் அதைத் தொட வழியே இல்லை. கறுப்பைக் குறையாக்கி அதற்குப் பாலை மருந்தாக்கும் வழக்கத்தின் மீது எனக்கு இருக்கும் எரிச்சல் தனி. அதற்கு அறிவியலின் துணையும் கிடையாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பாட்டி காலத்திலிருந்து இருப்பதைத் தள்ளிவிட முடியுமா என்பார்கள். கழுதைப்பால் குளியலுக்குக் கிளியோபாத்ராவைச் சாட்சிக்கு அழைப்பதும் உண்டு. உண்மையில் ரோமானியர் பிளினி எழுதி வைத்தது நீரோவின் மனைவி பொப்பேயாவைப் பற்றி. வழக்கத்தைத் தள்ள வேண்டியதில்லை, அது எதற்காக இருந்தது என்று பார்க்க வேண்டும். பயத்தம் மாவையோ கடலை மாவையோ பாலில் குழைத்துத் தேய்த்தது அழுக்கெடுக்க. மாவு எண்ணெயை உறிஞ்சும், பாலின் புரதம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்துக் கழுவ உதவும். காரச் சோப்புபோல் சாந்தை அரித்தெடுக்காது. அந்த வேலைக்கு அது நல்ல கலவை. தோலின் உள்ளே போய் எதையோ மாற்றுகிறது என்ற கதை பின்னால் ஒட்டவைத்தது. தாய்ப்பாலைப் பற்றியும் கேட்பார்கள். 2013-இல் ஈரானில் வெளியான ஓர் ஆய்வில், டயபர் புண் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தாய்ப்பாலும் மற்றவர்களுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் தடவினார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரி தேறின. கவனிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் டயபர் புண் உலர வைத்தாலே சில நாளில் ஆறிவிடுவது வழக்கம். தவிர, குழந்தை அன்றாடம் குடிக்கும் தன் தாயின் பால் அதன் உடலுக்கு அந்நியமல்ல. பசும்பாலுக்கு அது பொருந்தாது.

அந்நியம் என்ற இந்த இடத்தில்தான், ‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்ற கடைசி வாதம் தடுமாறுகிறது. 2003-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரக் குழந்தைகளை ஆராய்ந்த கிடியான் லேக் குழுவினர், வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பை அழற்சியுள்ள தோலில் தடவிய குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததைக் கண்டனர். ஜப்பானில் உடைக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச்சோப்பைப் பயன்படுத்தி வந்தவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒத்துக்கொள்ளாமல் போனது. 2011-இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆட்டுப்பால் சேர்த்த கிரீமைத் தோல் நோய்க்குத் தடவி வந்தவருக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் கடும் ஒவ்வாமை வந்ததை ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. புரதம் உள்ளே போகாது என்றீர்களே, பிறகு இது எப்படி என்று மடக்கலாம். கேள்வி சரியானது. போகாது என்றது சுவர் முழுதாக இருக்கும்போது. கரப்பான், வெடிப்பு, புதிதாக உரிந்த பரு, சவரக் கீறல் இருக்கும் இடத்தில் சாந்து ஏற்கெனவே பெயர்ந்திருக்கிறது. ஊட்டம் தர மில்லிகிராம் கணக்கில் வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தை எதிரியாகக் குறித்துக்கொள்ள அணுவளவு போதும். வாய் வழியே வரும் புரதத்தைச் சகித்துக்கொள்ளப் பழகும் உடல், புண் வழியே வருவதைப் படையெடுப்பாகவே பார்க்கிறது. ஆகவே கரப்பான் உள்ள குழந்தைக்குப் பசும்பாலோ ஆட்டுப்பாலோ தடவுவதைத் துணிந்து தவிர்க்கச் சொல்வேன். காய்ச்சாத பாலில் புருசெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அவையும் கீறல் வழியே நுழையக்கூடியவை என்பதால் முகத்துக்கானாலும் காய்ச்சி ஆறிய பாலே நல்லது. பாலோடு எலுமிச்சையைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பு இவை எல்லாவற்றிலும் மோசம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது, அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரக்கூடும்.

முழுத்தோலில், காய்ச்சிய பாலை, கழுவிவிடும் எண்ணத்தோடு தடவுகிறவர்களைத் தடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் வறட்சிக்கு மருந்து வேண்டுமென்றால் அதே சமையலறையில் சோதிக்கப்பட்ட பொருள் இன்னொன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2004-இல் வெளியான சோதனையில் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய்க்கு இணையாக வேலை செய்தது. 2014-இல் கரப்பான் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் அதைவிட நன்றாகவே செய்தது. பரு வரும் முகத்துக்கு மட்டும் அது வேண்டாம். பாலா, தண்ணீரா, எண்ணெயா என்பதை வீட்டிலேயே சோதிக்கவும் முடியும். ஒரு முன்கையில் பால், மறு முன்கையில் வெறும் தண்ணீர். ஒரே மாதிரிப் பஞ்சு, ஒரே நேரம், ஒரே அழுத்தம். பிறகு இரண்டையும் கழுவித் துடைத்துவிட்டு, எது எந்தக் கை என்று தெரியாத ஒருவரிடம் காட்ட வேண்டும். இன்னொரு நாள் தண்ணீருக்குப் பதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து இதையே செய்யலாம். பத்து நிமிடத்தில் கேட்டால் தண்ணீர் பட்ட கையையும் அவர் பளபளப்பாக இருக்கிறது என்றுதான் சொல்வார். மறுநாள் காலையில், கை நனைவதற்கு முன், முழங்கைப் பக்கம் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.